ஃபீஸ் பாக்கி இருக்கும்போது கேஸ் கட்டைத் தர மறுக்கலாமா?

கேள்வி: வங்கி சாரா நிதி நிறுவனம் ஒன்றுக்காகக் கடன் வசூல் வழக்குகளை நடத்துகிறேன். ரிசர்வ் வங்கி அதன் இயக்குநர் குழுவைக் கலைத்து, நிர்வாகியை நியமித்துவிட்டது. அவர் கேஸ் கட்டுகளைக் கேட்கிறார். பாக்கி ஃபீஸ் வரும்வரை அவற்றைப் பிடித்துவைக்கலாமா?

பதில்: கூடாது. ஃபீஸுக்காகக் கட்டைப் பிடித்துவைக்கும் உரிமை, அதாவது லியன், இந்திய வழக்கறிஞருக்குக் கிடையாது. ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது. அங்கேயும் கட்சிக்காரர் ஒரு நிதி நிறுவனம்தான்: மத்தியப் பிரதேச மாநிலக் கூட்டுறவு வங்கி. 97,100 ரூபாய் தந்தால்தான் கட்டுகள் என்றார் அதன் சட்ட ஆலோசகர். பார் கவுன்சில் 18 மாதத் தடை விதித்தது. உச்ச நீதிமன்றம் அதைக் கண்டனமாகக் குறைத்தது. ஆனால் செய்தது தொழில்முறைத் தவறு என்பதில் மாற்றமில்லை. பாக்கிக்காகச் சரக்கைப் பிடித்துவைக்க இடம்தரும் ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆம் பிரிவும் கைகொடுக்காது, கேஸ் கட்டு 'சரக்கு' ஆகாது.

ஆகவே பட்டியல் போட்டு, பக்க எண்ணோடு கட்டுகளை ஒப்படைத்து, கையெழுத்து வாங்குங்கள். 'பாக்கிக்கான என் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை' என்று அந்தக் கடிதத்திலேயே ஒரு வரி சேருங்கள். நகல் வைத்துக்கொள்ளலாம்.

இனி பணம். சொத்து மதிப்பு 500 கோடி ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நிறுவனமானால், 2019 நவம்பர் விதிகளின்படி ரிசர்வ் வங்கி திவால் நடவடிக்கை கேட்டு தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மனு தாக்கலான நாளிலேயே இடைக்கால மொரட்டோரியம், அதாவது வழக்குகளுக்கான தற்காலிகத் தடை, தொடங்கிவிடும். அதன்பின் பாக்கிக்காக நிறுவனத்தின்மீது வழக்குப் போட முடியாது. வீட்டுக் கடன் நிறுவனமான டி.எச்.எஃப்.எல். விஷயத்தில் மனு 2019 நவம்பர் 29-இல் தாக்கலானது. டிசம்பர் 3-இல் அனுமதிக்கப்பட்டது. உங்கள் கணக்கையும் மனு அனுமதிக்கப்பட்ட நாளில் இரண்டாக வெட்டுங்கள். அதற்கு முந்தைய ஃபீஸை, செயல்பாட்டுக் கடனீந்தோருக்கான (சரக்குக்கோ சேவைக்கோ பணம் வரவேண்டியவர்களுக்கான) 'பி' படிவத்தில் கோர வேண்டும். பொது அறிவிப்பில் உள்ள கடைசித் தேதியைத் தவறவிடாதீர்கள்.

கோரிக்கைகள் அடிபடுவது பெரும்பாலும் இங்கேதான்: 'வழக்குகளுக்காக மொத்தம் இவ்வளவு' என்று ஒரே தொகையாக எழுதுவதால். வழக்கு எண், ஆஜரான தேதி, ஒப்புக்கொண்ட கட்டணம் என்று வரிவரியாகக் காட்டுங்கள். நியமனக் கடிதம், பில்கள், பணம் வராததைக் காட்டும் வங்கி அறிக்கை மூன்றையும் இணையுங்கள். வசூலில் இத்தனை சதவீதம் என்று பேசியிருந்தால் அதை நம்பாதீர்கள். வழக்கின் பலனைப் பொறுத்த ஃபீஸைப் பார் கவுன்சில் விதிகளே தடுக்கின்றன. நிர்வாகி கோரிக்கையை நிராகரித்தால் திவால் சட்டத்தின் 60(5) பிரிவின்கீழ் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம்.

கடன்காரர்களிடம் வசூலான பணம் கையில் இருந்தால் பாக்கிக்குக் கழிக்க வேண்டாம். பார் கவுன்சில் விதிகள் வழக்கு முடிந்தபின் கழிக்க இடம் தருகின்றன, உண்மைதான். ஆனால் திவால் நடவடிக்கைக்குள் ஈடுகட்டலுக்கு, அதாவது வரவேண்டியதைத் தரவேண்டியதில் கழிப்பதற்கு, பொதுவாக இடமில்லை என்று பாரதி ஏர்டெல் வழக்கில் 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, விதிவிலக்குகள் குறுகியவை. கணக்கோடு நிர்வாகிக்கு எழுதுங்கள்.

மொரட்டோரியம் நிறுவனத்துக்கு எதிரான வழக்குகளைத்தான் நிறுத்தும். அது தொடுத்த வசூல் வழக்குகள் ஓடிக்கொண்டேயிருக்கும், வாய்தாவும் வரும். வக்காலத்து உங்களிடம் இருக்கும்வரை ஆஜராக வேண்டும். ஆனால் அதற்கு முன் நிர்வாகியிடம் எழுத்தில் நியமனமும் கட்டணமும் வாங்கிவிடுங்கள். மனு அனுமதிக்கப்பட்டபின் அவருக்காகச் செய்யும் வேலையின் ஃபீஸ் திவால் நடைமுறைச் செலவாகி, மற்றக் கடன்களுக்கு முன்னால் வரும். பழைய பாக்கிக்கு அந்த முன்னுரிமை இல்லை.