விழப்போகிற பால்பல்தானே, விட்டுவிடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. மேல் முன்பற்கள் மெலிந்து மஞ்சளாகத் தெரிகின்றன. சொத்தை இல்லை என்கிறார்கள். ராத்திரியில் இருமல், காலையில் வாயில் புளித்த வாடை. வாரத்தில் இரண்டு நாளாவது சாப்பிட்டது தொண்டை வரை எதுக்களித்து வருகிறது. வந்த உடனே பல் தேய்த்துவிடுகிறேன். விழப்போகிற பால்பல்தானே, விட்டுவிடலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் அந்த ‘உடனே பல் தேய்ப்பதை’ நிறுத்துங்கள். பல்லின் மேலுறையான எனாமல், பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலம் கடுமை) 5.5-க்குக் கீழே போனால் கரையத் தொடங்கும். வயிற்று அமிலத்தின் பி.எச். அளவோ 1, 2 என்றிருக்கும். அது பட்டு இளகிப்போன எனாமலை பிரஷ் போட்டுத் தேய்த்தால், உமிழ்நீர் மீண்டும் இறுக்கியிருக்கக்கூடிய பகுதியும் உரிந்து போகும். எதுக்களித்தால் வெறும் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் சமையல் சோடா கலந்தால் இன்னும் நல்லது. விழுங்காமல் துப்பத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பல் தேய்ப்பது ஒரு மணி நேரம் கழித்து.

சின்னக் கண்ணாடியை வைத்து மேல் முன்பற்களின் உள்பக்கத்தைப் பாருங்கள். வழவழவென்று பளபளத்துக் குழிந்திருந்தால், கீழிருந்து ஏறிவரும் அமிலத்தின் மேல் சந்தேகம் வலுக்கும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக் காப்பதால் அவை பெரும்பாலும் தப்பிவிடும். குளிர்பானமும் எலுமிச்சை ஜூஸும் அரிப்பது பெரும்பாலும் முன்பக்கத்தைத்தான். கடைவாய்ப் பல்லில் கிண்ணம்போல் குழி விழுவது இரண்டிலும் உண்டு.

பால்பல்லின் எனாமல் நிரந்தரப் பல்லினதைவிட மெல்லியது. அதனால் சீக்கிரம் உள்ளிருக்கும் மஞ்சள் டென்டின் தெரிகிறது, கூச்சமும் வருகிறது. விழப்போவது உண்மைதான். ஆனால் 6 வயதில், கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் சத்தமில்லாமல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமலே வருவதால் பலருக்கும் தெரிவதில்லை. புதிதாய் முளைத்த பல்லின் எனாமல் இன்னும் முற்றாதது. அதே அமிலம் அதையும் அரிக்கும்.

தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது வெகுவாகக் குறையும். ராத்திரி எதுக்களிப்பு அதிகம் கெடுப்பது அதனால்தான். சாப்பாட்டைப் படுப்பதற்கு 2 மணி நேரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். படுக்கும்போது கொடுக்கும் பாலும் அந்தக் கணக்கில்தான். புளிக்குழம்பு, சாக்லேட், எண்ணெய்ப் பலகாரம் ராத்திரி வேண்டாம். ஃப்ளூரைடு 1000 பி.பி.எம். உள்ள பேஸ்ட், பட்டாணி அளவு, தினம் இருவேளை. பல் மருத்துவரிடம், பல்லின் மேல் பூசும் ஃப்ளூரைடு வார்னிஷ் பற்றிக் கேளுங்கள். தேய்மானத்தை போட்டோ எடுத்து வைக்கச் சொன்னால் அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பல்லை மட்டும் அடைத்துக்கொண்டிருந்தால் அரிப்பு நிற்காது. குழந்தை நல மருத்துவரையும் பாருங்கள். எடை குறைவு, விழுங்கச் சிரமம், வாந்தியில் ரத்தம் அல்லது பச்சை நிறம் என்றால் அன்றே. வீட்டிலிருக்கும் பெரியவர்களின் அசிடிட்டி மருந்தை நீங்களாக ஊற்றிவிடாதீர்கள். மருத்துவர் சிரப் எழுதிக்கொடுத்தால் அதில் சர்க்கரை இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், குடித்ததும் வாய் கொப்பளித்த பிறகே படுக்க வேண்டும்.