அகலமான அலாய் வீல் போட்டால் உள்ளே உரசுமா, வெளியே துருத்துமா என்று எப்படிக் கணக்கிடுவது?

நீங்கள் எழுதியபடி, உங்கள் காரில் இப்போது இருப்பது 15 அங்குல 5.5ஜே ரிம் (5.5 என்பது அங்குலத்தில் ரிம்மின் அகலம்), இ.டி.45 (மி.மீ.-இல் ஆஃப்செட், விளக்கம் கீழே), டயர் 185/65 ஆர்15 (185 என்பது மி.மீ.-இல் டயரின் அகலம்). கடையில் காட்டியது 16 அங்குல 7ஜே, இ.டி.40, அதற்கு 195/55 ஆர்16 டயர். "தாராளமாக உட்காரும்" என்று சொன்னார்களாம். டயர் கடையிலேயே பொழுது போகிறவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். நான்கு நட்டும் முறுக்கி ஏறிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் கடைகள் நிறைய உண்டு. பணம் கொடுக்கும் முன் ஒரு துண்டுக் காகிதத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

ரிம்மின் அகலத்துக்கு நட்டநடுவே ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கும், ரிம் ஹப்பில் (அச்சின் முனையில் சக்கரம் மாட்டும் பகுதி) பதிகிற முகத்துக்கும் இடையிலுள்ள தூரம்தான் ஆஃப்செட். பதியும் முகம் நடுக்கோட்டைத் தாண்டி வெளிப்பக்கம் இருந்தால் பாசிட்டிவ். சாலையில் ஓடும் முன்சக்கர இயக்கக் கார்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். எண் கூடினால் சக்கரம் உள்ளே போகும், குறைந்தால் வெளியே வரும். ரிம்மின் பின்பக்கத்தில் இந்த எண்ணை வார்ப்பிலேயே போட்டிருப்பார்கள். பிரேக் தூசியைத் துடைத்தால் தெரியும்.

இனி கணக்கு. அகலம் 1.5 அங்குலம் கூடுகிறது, அதாவது 38 மி.மீ. இது இரண்டு பக்கமும் சமமாகப் பிரியும்: பக்கத்துக்கு 19. ஆஃப்செட் 45-இலிருந்து 40-க்கு இறங்குவதால் முழுச் சக்கரமும் 5 மி.மீ. வெளியே நகர்கிறது. ஆகவே வெளி விளிம்பு 19 + 5 = 24 மி.மீ. வெளியே வரும். உள் விளிம்பு 19 – 5 = 14 மி.மீ. ஸ்டிரட்டை (சக்கரத்தின் உள்பக்கம் நிற்கும் சஸ்பென்ஷன் தூண்) நோக்கிப் போகும். உள்பக்கம் பழைய இடத்திலேயே நிற்க வேண்டும் என்று அடம்பிடித்தால் இ.டி.26 தேவை, அப்போது கூடிய 38 மி.மீ. முழுவதும் மட்கார்டு பக்கம் வந்துவிடும்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் ஸ்டிரட்டிலும் மட்கார்டிலும் முதலில் போய் முட்டுவது டயரின் வயிறு, ரிம்மின் விளிம்பு அன்று. டயரில் எழுதியிருக்கும் 195 என்பது அதற்குரிய 6 அங்குல ரிம்மில் அளந்த அகலம். ரிம் அரை அங்குலம் கூடினால் டயர் சுமார் 5 மி.மீ. விரியும். எனவே 7ஜே ரிம்மில் உங்கள் 195 ஏறக்குறைய 205 ஆகிவிடும். பழைய 185-ஐவிட 20 மி.மீ. அதிகம், பக்கத்துக்கு 10. ஆஃப்செட்டையும் சேர்த்தால் டயர் வெளியே 15, உள்ளே 5 மி.மீ. மட்டுமே நகர்கிறது. ரிம் கணக்கு பயமுறுத்திய அளவுக்கு இல்லை.

சந்தோஷப்படுவதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள். ஜே அளவு டயர் அமரும் இடத்துக்கு மட்டும்தான். விளிம்புகளையும் சேர்த்தால் ரிம் சுமார் ஓர் அங்குலம் கூடுதல் அகலம். 7ஜே என்றால் மொத்தம் 203 மி.மீ. டயரோ 205. ரிம்மைக் காக்க டயர் துளிகூட வெளியே நீட்டாது. இப்போது உங்கள் 5.5ஜே-யில் பக்கத்துக்கு 10 மி.மீ. டயர் முன்னே நின்று அடி வாங்குகிறது. நடைபாதைக் கல்லை ஒட்டி நிறுத்தும் முதல் நாளே புது அலாய் கீறிப்போகும். 195/55-க்கு 7ஜே கடைசி எல்லை. பொருத்தலாம், ஆனால் எனக்குப் பிடிக்காது.

இதுவரை போட்டது எவ்வளவு நகரும் என்கிற கணக்கு. எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைக் காரில்தான் அளக்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, மட்கார்டு விளிம்பிலிருந்து கொத்தனார் பிடிக்கும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியை அளவுகோலால் பாருங்கள். உள்பக்கம் கை போகாது. ட்ரில் பிட்டுகளை ஒவ்வொன்றாக ஸ்டிரட்டுக்கும் டயருக்கும் நடுவே நுழைத்துப் பாருங்கள். இறுக்கமாக நுழைகிற பெரிய பிட்டின் விட்டம்தான் உங்கள் இடைவெளி. டயர் நகர்ந்த பிறகும் உள்ளே ஐந்தாறு மி.மீ. மிஞ்ச வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் அளவு. பிறகு ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை ஒடித்துப் பாருங்கள். பின்சக்கரத்துக்கு மூன்று பேரைப் பின்சீட்டில் ஏற்றிப் பார்ப்பதுதான் சரியான சோதனை. காலி வண்டியில் உரசாதது, ஊருக்குப் போகும்போது வேகத்தடையில் உரசும்.

உயரத்தில் பிரச்சினை இல்லை. பழைய டயரின் விட்டம் 621.5 மி.மீ., புதியது 620.9. ஸ்பீடோமீட்டர் மாறாது.

ரிம் ஹப்பில் அமரும் நடுத்துளையையும் விசாரியுங்கள். ஸ்விஃப்ட், ஐ20 போன்றவற்றில் நான்கு போல்ட், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 100 மி.மீ., நடுத்துளை 54.1 மி.மீ. வெளிச்சந்தை அலாய்களில் நடுத்துளை பெரும்பாலும் அதைவிடப் பெரிதாக இருக்கும். இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் இல்லாமல் மாட்டினால், ரிம்மை நடுவில் நிறுத்தும் பொறுப்பு முழுவதும் நட்டுகள் தலையில் விழும். வேகம் எடுத்ததும் ஸ்டியரிங் நடுங்கும். அலைன்மென்ட், பேலன்ஸிங் என்று சுற்றிச் சுற்றிச் செலவழிப்பீர்கள்.

உள்ளே உரசினால் ஸ்பேசர் (ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கும் தட்டு) போட்டுத் தருகிறோம் என்று கடையில் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். 10 மி.மீ. ஸ்பேசர் என்றால் இ.டி.40 அலாய் இ.டி.30 ஆகிறது, போல்ட்டில் நட்டு பிடிக்கும் நீளம் குறைகிறது, பேரிங்குக்குப் பாரம் கூடுகிறது. சரியான ஆஃப்செட் உள்ள ரிம்மைத் தேடுவது அதைவிட மலிவு.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதே 16 அங்குலத்தில் 6.5ஜே, இ.டி.40 கேட்பேன். 195 டயர் அதில் சுமார் 200 மி.மீ. இருக்கும், வெளியே 12.5, உள்ளே வெறும் 2.5 மி.மீ.தான் நகரும். ரிம் விளிம்புக்கும் பக்கத்துக்கு ஐந்து மி.மீ. டயர் காவல் நிற்கும். வாங்கியதும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் சேர்க்கச் சொல்லிவிடுங்கள்.