ஸ்டூல் யார் கேட்பது?

அன்புள்ள சார்,

ஜனநாயகம் ஆபத்தில் இருக்கிறது என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். நான் ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன். காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் ராத்திரி கடை அடைக்கும்வரை நிற்பதுதான். ஐந்து வருஷத்துக்கு ஒருதரம் விரலில் மை வைக்கிறார்கள். யார் ஜெயித்தாலும் மறுநாள் அதே சேலையைப் பிரித்துப் போட்டு மடிக்கிறேன். எங்களுக்கு இதனால் என்ன ஆகப்போகிறது?

ர., ஈரோடு

அன்புள்ள ர.,

நீங்கள் நிற்பதிலிருந்தே பேசலாம். கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021ல் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்கிறது அது. உங்கள் முதலாளிக்குத் தெரிந்திருக்கும். உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் ஆரம்பித்து வைத்தது இது. முதலில் கழிப்பறை கேட்டார்கள், அப்புறம் உட்காரும் உரிமை. தையல் வேலை செய்துவந்த விஜி, அவர்களைச் சேர்த்து ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைக் கட்டினார். 2018ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. மூன்று வருஷத்தில் இங்கேயும் வந்துவிட்டது.

யார் ஜெயித்தாலும் ஒன்றுதான் என்கிறீர்கள். 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய சபைதான். தொழிற்சங்கங்கள் கொதித்தன, கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மூன்றாம் நாள் நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று வாபஸ் என்று முதல்வர் அறிவித்தார். அப்போது இங்கே சட்டமன்றத் தேர்தல் பக்கத்தில்கூட இல்லை.

சரி, உங்கள் கசப்புக்கு வருகிறேன். ‘வாய்ப்புக் கிடைக்கும்போது’ என்று அந்தப் பிரிவுக்கு ஒரு வால் இருக்கிறதே, வாய்ப்பு வந்துவிட்டதா என்று யார் சொல்வது? ஃப்ளோர் சூப்பர்வைசர்தான். நான் துணி எடுக்கப் போன ஒரு கடையில் கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருந்தது, அதன்மேல் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். மதியம் மூன்று மணி, அந்தத் தளத்தில் வேறு ஆள் இல்லை. அங்கே நின்ற பெண் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தார். “உட்காரும்மா” என்றேன். கண்ணாலேயே மேலே இருந்த கேமராவைக் காட்டினார். “உட்கார்ந்தா நாளைக்கே குடோனுக்கு மாத்திடுவாங்க சார்.”

ஓட்டுப் போட மறைப்பு வைத்திருக்கிறார்கள். யாருக்குப் போட்டீர்கள் என்று முதலாளிக்குத் தெரியாது. ஸ்டூல் வேண்டுமென்றால் முகத்தைக் காட்டித்தான் கேட்க வேண்டும். அதனால் தனியாகப் போய்க் கேட்டுவிடாதீர்கள். 1926ஆம் வருஷத் தொழிற்சங்கச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படியும், ஏழு பேர் சேர்ந்தால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். பெரிய கடையென்றால் ஊழியரில் பத்து சதவீதமோ நூறு பேரோ, எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக வேண்டும். சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024ல் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்ததே, அதில் முக்கியக் கோரிக்கை சங்கப் பதிவுதான். 2025 ஜனவரியில் பதிவாகிவிட்டது.

சங்கமெல்லாம் இப்போதைக்கு வேண்டாம் என்று தோன்றினால், உங்கள் தளத்தில் இருக்கிற எல்லோரும் கையெழுத்துப் போட்டுத் தொழிலாளர் துறைக்கு ஒரு மனு கொடுங்கள். தீபாவளி சீசனுக்குக் கொஞ்சம் முன்னால் கொடுங்கள். அந்த நேரத்தில் ஒரு ஆளைக்கூட வெளியே அனுப்ப எந்த ஜவுளிக்கடைக்காரருக்கும் மனசு வராது.