எம்பிபிஎஸ் படித்துக்கொண்டே டேட்டா சயின்ஸ் பக்கம் போகலாமா?

எம்பிபிஎஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி பிடித்திருக்கிறது, இரண்டையும் சேர்த்துச் செய்ய வழி உண்டா, இல்லை ஒன்றை விட்டுவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எதையும் விட வேண்டாம். முக்கியமாக வார்டை விடாதீர்கள். பெங்களூரில் படிக்கும்போது நானும் இதே குழப்பத்தில் இருந்தவன். பிஜி நுழைவுத் தேர்வுக்குப் படிக்காமல் லேப்டாப்பில் என்ன செய்கிறாய் என்று உங்களையும் ஹாஸ்டலில் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்.

மூன்றாம் ஆண்டில் ஒரு சிறிய ஆய்வு செய்தேன். சர்க்கரை நோயோடு அட்மிட் ஆகி டிஸ்சார்ஜ் ஆனவர்களில் யார் 30 நாளுக்குள் மறுபடி அட்மிட் ஆவார்கள் என்று, பழைய டேட்டாவிலிருந்து கற்றுக்கொண்டு முன்கூட்டியே சொல்லும் கம்ப்யூட்டர் மாடல். எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வாங்கி, பழைய கேஸ் ஷீட்டுகளைப் பார்த்து எக்செல்லில் ஏற்றினேன். நிறைய பேருக்கு எச்பிஏ1சி (கடந்த சில மாதச் சர்க்கரை அளவைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை) கட்டம் காலியாக இருந்தது. இணையத்தில் சொல்லிக்கொடுத்தபடி, காலியான இடத்தில் எல்லாம் சராசரியைப் போட்டு நிரப்பினேன். மாடல் அருமையாக வந்தது. துறையில் காட்டினேன், பாராட்டினார்கள்.

தப்பைக் கண்டுபிடித்தவர் எம்ஆர்டியில், அதாவது கேஸ் ஷீட்டுகளை வைத்திருக்கும் மருத்துவப் பதிவேட்டுத் துறையில், வேலை பார்த்த ஓர் அக்கா. கோலார் தங்கவயல்காரர். தினமும் மாரிகுப்பம் ரயிலில் வந்து போவார். என் திரையைப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த இடம் காலியா இருந்தா டெஸ்டே எடுக்கலைன்னு அர்த்தம். கையில காசு இல்லாதவங்க அதை வேணாம்னு சொல்லிடுவாங்க. அவங்க முடியாம போனாலும் திரும்ப இங்க வர மாட்டாங்க, ஊர்ல ஜிஎச்சுக்குப் போயிடுவாங்க" என்றார்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. நான் "மறுபடி அட்மிட் ஆகவில்லை" என்று குறித்திருந்ததெல்லாம் "எங்கள் ஆஸ்பத்திரியில் ஆகவில்லை" என்பதுதான். கமிட்டியில் மறுபடி அனுமதி வாங்கி, அந்தக் குடும்பங்களுக்குப் போன் செய்தேன். தேன்கனிக்கோட்டை பக்கத்து அம்மா ஒருவர் இரண்டே வாரத்தில் ஓசூர் அரசு மருத்துவமனையில் சேர்ந்திருந்தார். இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டார்கள். என் மாடல் அவருக்கு ஆபத்து மிகக் குறைவு என்று சொல்லியிருந்தது. பணம் இல்லாதவர்கள் நலமாக இருக்கிறார்கள் என்றுதான் அது கற்றுக்கொண்டிருந்தது.

பெரிய ஆட்களுக்கும் இது நடந்திருக்கிறது. 1990களில் அமெரிக்காவில் நிமோனியா நோயாளிகளில் யாருக்கு ஆபத்து அதிகம் என்று கணிக்கும் ஆய்வு ஒன்று நடந்தது. ஆஸ்துமா இருந்தால் சாவு ஆபத்து குறைவு என்று டேட்டா சொன்னது. ஆஸ்துமாக்காரர்களை நேராக ஐசியுவுக்குக் கொண்டுபோய் நன்றாகக் கவனித்ததால் அவர்கள் பிழைத்தார்கள், அவ்வளவுதான். அந்த ஆய்வில் இருந்த ரிச் கருவானா 2015இல் எழுதிய கட்டுரையில் இது வருகிறது, தேடிப் படியுங்கள். எந்த எண்ணையும் பார்த்ததும், இதை யார், எப்போது, எதற்காக எழுதினார்கள் என்று கேட்க வேண்டும். வார்டில் நிற்கிற உங்களுக்கு அது சுலபம். கம்ப்யூட்டர் கோடு (code) எழுத மட்டும் தெரிந்தவருக்கு அந்த வாய்ப்பே இல்லை.

நடைமுறைக்கு வருகிறேன். கம்யூனிட்டி மெடிசினில் வரும் பயோஸ்டாடிஸ்டிக்ஸை (மருத்துவப் புள்ளியியல்) தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள், அதுதான் அஸ்திவாரம். பைத்தானுக்கு என்பிடெல் (ஐஐடிகள் நடத்தும் இணையப் பாடங்கள்) பாடங்களே போதும், பார்க்கக் காசு வேண்டாம். ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) எஸ்டிஎஸ் என்ற குறுகிய கால ஆய்வு உதவித்தொகைத் திட்டம் எம்பிபிஎஸ் மாணவர்களுக்கானது, இரண்டு மாத ஆய்வு. அறிவிப்பு வரும்போது தவறவிடாதீர்கள். பழகுவதற்கு மிமிக் (MIMIC) என்ற, அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆஸ்பத்திரி ஒன்றின் ஐசியு டேட்டா இருக்கிறது. இணையத்தில் ஒரு பயிற்சி முடித்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் அது பாஸ்டன், நம் ஊர் ஓபி இல்லை. உங்கள் ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டைப் படமெடுத்து வாட்ஸாப்பில் அனுப்பி வேலை செய்கிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

"அரசு செலவில் டாக்டர் சீட் வாங்கிவிட்டு கம்ப்யூட்டர் வேலைக்கா" என்று கமெண்டில் சிலர் வருவார்கள், தெரியும். நான் இன்னமும் நோயாளி பார்க்கிறேன், இரவு டியூட்டியும் பார்க்கிறேன். ஐந்தரை வருடப் படிப்பில் ஒரு நாளும் வார்டைத் தவிர்த்ததில்லை. நான் இந்தத் துறையில் நிபுணன் என்றும் சொல்லவில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திருத்திய ஆய்வு கட்டுரையாக வந்தபோது, ஒரு நாளும் எம்ஆர்டி பக்கம் வராதவர்கள் பெயர் எல்லாம் அதில் இருந்தது. அக்காவின் பெயரை நன்றிப் பகுதியில் போட்டிருந்தேன். "கான்ட்ராக்ட் ஸ்டாஃப் பெயரெல்லாம் எதற்கு" என்று அடித்துவிட்டார்கள். நான் மாணவன், எதிர்த்துப் பேசவில்லை. அது இன்றுவரை உறுத்துகிறது. அடுத்த வருடமே கான்ட்ராக்ட் கம்பெனி மாறியதில் அவருக்கு வேலை போய்விட்டது. ஒவ்வொரு கேஸ் ஷீட்டுக்கும் நோய்க் குறியீடு போட்டு, எழுத்துப் புரியாத இடத்தில் டாக்டரைத் தேடிப் போய்க் கேட்டு எழுதியவர் அவர். இன்றைக்கு ஹெல்த் டேட்டா என்று மேடையில் பேசுகிற எல்லோரும் அப்படிப்பட்டவர்கள் உழைப்பின் மேல்தான் நிற்கிறார்கள்.

சரி, உங்கள் கல்லூரியில் எம்ஆர்டி எந்த மாடியில் இருக்கிறது என்று தெரியுமா? தெரியாவிட்டால் இந்த வாரமே துறையில் அனுமதி வாங்கிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். சராசரி போட்டு நிரப்பிய என் பழைய கோடும் திருத்திய கோடும் இரண்டுமே இருக்கிறது. நோயாளி விவரம் எதுவும் அதில் இல்லை. வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.