வேறு மாவட்டத்து முகவரியை வைத்துக்கொண்டு தொண்டியில் நூலக அட்டை வாங்க முடியுமா?

வாங்கலாம், கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும். ஆதாரில் புதுக்கோட்டை மாவட்டத்துக் கோட்டைப்பட்டினம், வேலை ராமநாதபுரம் மாவட்டத்துத் தொண்டியில், இருப்பது வாடகை வீடு, டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கணும், போய்க் கேட்டால் "நீங்க இந்த மாவட்டமே இல்லையே" என்று அனுப்பிவிட்டார்கள் என எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்கு வருத்தமாக இருந்தது. உள்ளே உட்கார்ந்து படிப்பது வேறு, புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போவது வேறு என்று உங்களிடம் யாரும் பிரித்துச் சொல்லவில்லை போலிருக்கிறது.

உட்கார்ந்து படிக்க உறுப்பினர் அட்டையே தேவையில்லை. பொது நூலகத்துக்குள் யாரும் போகலாம், வருகைப் பதிவேட்டில் பேரும் ஊரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நாளிதழோ போட்டித் தேர்வுப் புத்தகமோ எடுத்துக்கொண்டு மூடும்வரை படிக்கலாம், காசு கிடையாது. கோட்டைப்பட்டினம் என்றே எழுதுங்கள். கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு எடுத்துப்போகும்போதுதான் மாவட்டம் குறுக்கே வருகிறது. இது அந்த நூலகர் தானாகப் போட்ட விதி இல்லை. 1948-ல் வந்த பொது நூலகச் சட்டப்படி சென்னைக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று என்று நூலக ஆணைக்குழு அமைத்தார்கள். வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று தனியாக இருக்கும் பாருங்கள், சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. ஊராட்சியும் பேரூராட்சியும் வசூல் பண்ணும் அந்தப் பணம் அந்த மாவட்ட ஆணைக்குழுவுக்குத்தான் போகிறது. உள்ளூர் ஆளா என்ற கேள்வி அங்கிருந்து வருவதுதான். ஆனால் நீங்கள் வாடகை கொடுக்கிறீர்களே, வீட்டுக்காரர் கட்டும் வரி அந்த வாடகையிலிருந்துதானே போகிறது? அந்த நூலகத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு என்றுதான் நான் சொல்வேன், யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

அதிலும் நம் கரையில் மாவட்ட எல்லையைப் பார்த்து வாழ்கிறவர்கள் யார்? எஸ்.பி.பட்டினத்தைத் தாண்டினால் புதுக்கோட்டை மாவட்டம். மேற்கே தேவகோட்டைக்காரர் இன்றைக்கு சிவகங்கை மாவட்டத்து ஆள், 1985-ல் பிரிக்கும்வரை அவரும் ராமநாதபுரம் மாவட்டம்தான். கடல் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு இன்னும் சிரமம். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும் அந்த நாட்களில்தான் ஒரு பையன் நிம்மதியாகப் புத்தகத்தைத் திறக்க முடியும். அப்போது அவன் சொந்த ஊருக்குப் போயிருப்பான், அட்டை வேலை பார்த்த ஊரில் இருக்கும். ஒரு மாவட்டத்து அட்டை பக்கத்து மாவட்டத்திலும் செல்ல வேண்டும் என்று நான் ஆசைப்படுவது இதனால்தான்.

சரி, நீங்கள் இப்போது செய்ய வேண்டியது. நூலகருக்கு உங்கள் பிறந்த ஊர் முக்கியமில்லை, புத்தகம் திரும்பி வருமா என்பதுதான் கவலை. அந்தக் கவலையைத் தீர்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எங்கள் வாசகர் வட்டத்துக்கு வருகிற ஒரு பெண்ணுக்கும் இதே சிக்கல்தான், நாகப்பட்டினம் பக்கத்துக் குடும்பம், அப்பாவுக்கு இங்கே ஐஸ் கம்பெனியில் வேலை. விண்ணப்பத்தில் நிரந்தர முகவரி ஊரில் உள்ளது, தற்போதைய முகவரி இங்கே உள்ளது என இரண்டையும் தெளிவாக எழுதினாள். கூடவே வீட்டுக்காரரின் வீட்டு வரி ரசீது நகல், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் பச்சை மையில் போட்ட கையெழுத்து. அதோடு போனதும் நூலகர் மறுபேச்சு பேசவில்லை, முதலில் ஒரு புத்தகம் மட்டும் கொடுத்தார். உப்புக் காற்றில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து, முதல் பக்கத்தில் பழுப்புக் கறை இறங்கிய பழைய பொது அறிவுப் புத்தகம். அதற்குச் செய்தித்தாள் அட்டை போட்டு, தேதிச் சீட்டில் குத்தின நாளுக்கு முன்னாடியே கொண்டுவந்து கொடுத்தாள். அப்புறம் கேட்டதெல்லாம் கிடைத்தது.

நீங்களும் அதே மாதிரி போங்கள். தலைமையாசிரியர் யாரும் பழக்கமில்லை என்றால் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு சான்று வாங்கிக்கொள்ளுங்கள். காப்புத்தொகையும் வருடச் சந்தாவும் சின்னத் தொகைதான், கட்டியதற்கு ரசீது கேட்டு வாங்குங்கள். அப்படியும் முடியாது என்றால் சண்டை வேண்டாம், ராமநாதபுரத்தில் மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள், இன்ன இடத்தில் வேலை, இன்ன வீட்டில் குடியிருக்கிறேன், இன்ன காரணம் சொல்லி மறுத்தார்கள் என்று நாலு வரி போதும்.

அட்டை கைக்கு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். மதுரையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் எந்த ஊர்க்காரரும் போய் உட்கார்ந்து படிக்கலாம், ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறினால் இரவுக்குள் திரும்பிவிடலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்துக்கு முகவரியே வேண்டாம், போனிலேயே பழைய நூல்களைப் படிக்கலாம், ஆனால் புதிய தேர்வுப் புத்தகங்களை அதில் தேடி நேரத்தை விடாதீர்கள்.

தொண்டியை விட்டுக் கிளம்பும்போது புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்த ரசீதைக் காட்டிக் காப்புத்தொகையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புத்தகத்தை வைத்துக்கொண்டு யாராவது ஊருக்குப் போய்விட்டால், அடுத்து வரும் வெளியூர்க்காரருக்குத்தான் கஷ்டம்.