செடி வைக்க எதற்கு ஆர்க்கிடெக்ட்?

கேள்வி: தாம்பரம் பக்கம் ஒரு கிரவுண்டில் வீடு கட்டப்போகிறோம். இன்னும் அஸ்திவாரம் தோண்டவில்லை. லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் ஒருவரைப் பார்க்கச் சொல்கிறார் இன்ஜினீயர். "செடி வைக்க நர்சரிக்காரர் போதாதா? முதலில் வீடு முடியட்டும்" என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி?

பதில்: செடி வைக்க நர்சரிக்காரர் போதும்தான். அதற்காக வீட்டில் சண்டை வேண்டாம். ஆனால் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டுக்குச் செடி கடைசி வேலை. மண், மட்டம், தண்ணீர் ஓடும் வழி மூன்றும்தான் முதலில். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கைப் பார்ப்பவர்கள் அதை வெட்டாமல் விட்ட காடு என்றே நினைப்பார்கள். 1858-இல் ஓம்ஸ்டெட், வாக்ஸ் என்ற இரு வடிவமைப்பாளர்கள் வரைந்து கொடுத்த திட்டம் அது. ஏரிகள்கூட வெட்டியவை, சதுப்பு நிலத்தில் மண்ணுக்கடியில் வடிகுழாய் பதித்திருக்கிறார்கள்.

உங்கள் மனை 2,400 சதுர அடி. 50 மி.மீ. மழை பெய்தால் அதில் சுமார் 11,000 லிட்டர் விழும். கிட்டத்தட்ட ஒரு பெரிய தண்ணீர் லாரி. ஐப்பசியில் அது ஒரே ராத்திரி சமாசாரம். சுவரை ஒட்டிய தரை 5 அடிக்கு ஓர் அங்குலமாவது வெளிப்பக்கம் சரியவேண்டும். செடிப் பாத்தியின் மண், பிளிந்த் பெல்ட்டுக்கு (அஸ்திவாரத்துக்கு மேல், சுவர் தொடங்கும் மட்டத்தில் ஓடும் கான்கிரீட் பட்டை) அரை அடியாவது கீழே நிற்கவேண்டும். மேலே ஏறினால் சுவரில் ஓதம் காக்கும். பேவர் பிளாக் பதித்தபிறகு இதைத் திருத்துவதென்றால் அத்தனையையும் பெயர்க்கவேண்டும். தெருவுக்குத் தார் போடும்போதெல்லாம் ரோடு உயர்வதையும் கணக்கில் வையுங்கள்.

"வீடு முடியட்டும்" என்பதில் இன்னொரு சிக்கல். மேஸ்திரி மிச்சக் கலவையையும் உடைந்த செங்கல்லையும் கொல்லையிலேயே தள்ளி, மேலே நாலு அங்குலம் செம்மண் பரப்பிவிடுவார். சிமென்ட்டின் சுண்ணாம்பு ஏறிய மண்ணில் வேருக்கு இரும்புச்சத்து கிடைக்காது. இலை நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, மற்ற இடம் வெளுக்கும். உரம் போட்டுப் போட்டு அலுத்துப்போவீர்கள்.

ஆகவே இப்போதே மேல்மண்ணை அரை அடி வழித்து ஒரு மூலையில் குவித்து வையுங்கள். ஓர் அடிக்கு ஓர் அடி குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள்; அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். ஓர் அங்குலம்கூட இறங்காவிட்டால் களிமண். மழைநீர்க் குழியை ஆழமாக, மணல் அடுக்கு தென்படும்வரை கொண்டுபோகவேண்டியிருக்கும். மனையில் மரம் இருந்தால் அதன் நிழலில் ஜல்லி கொட்ட விடாதீர்கள். மண் இறுகினால் வேர் மூச்சுமுட்டிச் சாகும்.

ஒரு கிரவுண்டுக்கு முழு டிசைன் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. ஓரிரு முறை வந்து பார்த்து, மட்டமும் வடிகாலும் குறித்த ஒரு வரைபடம் மட்டும் தரச்சொல்லிக் கட்டணம் பேசுங்கள். இன்ஜினீயர் பிளிந்த் உயரத்தை முடிவு செய்யும் முன் அது அவர் கையில் இருக்கவேண்டும். நர்சரிக்காரரைப் பெயின்ட் அடித்த பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம்.