ராத்திரி ஏன் யாரும் பக்கத்தில் இல்லை?

கேள்வி: மூத்த மகளுக்குத் தலைப்பிரசவம். ராத்திரி 10 மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நர்ஸம்மா பார்த்துவிட்டு, "2 விரல்தான் திறந்திருக்கு, நடக்கச் சொல்லுங்க" என்று போனவர், விடிவதற்குள் நாலைந்து தடவைதான் எட்டிப் பார்த்தார். காலையிலோ ஆள் மாற்றி ஆள் ஓடிவந்தார்கள். ராத்திரியே இப்படிக் கவனித்திருந்தால் பிள்ளை சீக்கிரம் பிறந்திருக்குமே? அடுத்த மாதம் சின்னவளுக்குப் பேறுகாலம், அதனால் கேட்கிறேன்.
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: பிறந்திருக்காது அம்மா. கருப்பை வாய் மெலிந்து மெல்லத் திறக்கிற ஆரம்பக் கட்டம் அது, தலைச்சன் பிள்ளைக்கு ராத்திரி முழுக்க இழுப்பதும் உண்டு. அப்போது அடிக்கடி உள்ளே கைவிட்டுப் பார்த்தால் கிருமி தொற்றத்தான் வழி. நடக்கலாம், ஒருக்களித்துப் படுக்கலாம், டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை கஞ்சித்தண்ணி, இளநீர் குடிக்கலாம். ஒன்றுக்கு மட்டும் அடக்கக் கூடாது.

5 சென்டிமீட்டர் திறந்து, வலியும் விடாமல் வர ஆரம்பித்துவிட்டால் கவனிப்பு மாறியாக வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவையாவது குழந்தையின் துடிப்பைக் கேட்க வேண்டும் (நிமிஷத்துக்கு 110 முதல் 160 வரை இருந்தால் நல்லது), 10 நிமிஷத்தில் எத்தனை வலி வருகிறது என்று வயிற்றில் கைவைத்து எண்ண வேண்டும், உள் பரிசோதனை 4 மணி நேரத்துக்கு ஒன்று போதும். எல்லாவற்றையும் பார்ட்டோகிராம் என்கிற தாளில் குறித்துக்கொண்டே வருவோம். திறப்பு நின்றுபோனால் அதில் உடனே தெரிந்துவிடும், அம்பையிலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதென்றால் வழியிலேயே ஒரு மணி நேரம் போய்விடுமே, அதனால் அந்தத் தாளை ஒழுங்காக எழுதுவது உயிர் காக்கிற வேலை.

10 சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் முக்க வேண்டும். அதற்கு முன்னால் "முக்கு, முக்கு" என்று யாரும் அவசரப்படுத்த வேண்டாம். துடிப்பை இப்போது 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்க வேண்டும், பக்கத்தை விட்டு நர்ஸ் நகரக் கூடாது. காலையில் நீங்கள் பார்த்த ஓட்டம் இதுதான். வயிற்றை அமுக்கிப் பிள்ளையைத் தள்ளுவதும், வலியில் கத்துகிறவளைத் திட்டுவதும் தப்பு. நான் வேலை பழகிய காலத்தில் இரண்டையும் பார்த்திருக்கிறேன், இன்றும் மனசு ஆறவில்லை.

பிள்ளை பிறந்ததும் ஒரு நிமிஷத்துக்குள் தொடையில் ஆக்ஸிடோசின் ஊசி, அப்புறம் நஞ்சுக்கொடி வெளியே வரும். என்னைக் கேட்டால், அதற்கடுத்த 2 மணி நேரம்தான் ரொம்பப் பயப்பட வேண்டிய நேரம். வீட்டார் எல்லோரும் பிள்ளை முகத்தைப் பார்க்கப் போய்விடுவார்கள், பெற்றவள் தனியாகக் கிடப்பாள். 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை அவளுடைய நாடி, பிரஷர், ரத்தப்போக்கு பார்க்க வேண்டும். தொப்புளுக்குக் கீழே கருப்பை கெட்டியாக இருக்க வேண்டும். துணி சீக்கிரம் நனைந்தாலோ, தலை சுற்றுகிறது என்றாலோ, வியர்த்துக் கொட்டினாலோ உடனே கூப்பிடுங்கள். பிள்ளைக்கும் முதல் ஒரு மணிக்குள் பால் கொடுத்துவிடுங்கள்.

சின்னவளுக்கு வலி எடுத்ததும் ஒன்றைக் கவனியுங்கள். பனிக்குட நீர் பச்சையாகப் போவது, ரத்தம் போவது, தாங்க முடியாத தலைவலி, கண் மங்குவது, பிள்ளை அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் ராத்திரி 2 மணியானாலும் நர்ஸைப் போய் எழுப்பலாம், கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்காதீர்கள். அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண் கூட இருக்கலாம். சேர்க்கும்போதே கேட்டுவிட்டு, நீங்களே அவள் பக்கத்தில் நில்லுங்கள்.